கல்லுக்குப் பின்னால் ஒரு காணி



இது நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நடுவில் இரண்டு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு குரூப்பில் போட நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் எடுத்துப் போடுங்கள்.

கடந்த இரண்டு கிழமையாக நமது பகுதி வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு பையனின் பேஸ்புக் வரிகள் சுற்றுகின்றன. அவன் பெயரையும் ஊரையும் நாங்கள் இங்கே எழுத மாட்டோம். கொமண்டில் யாராவது எழுதினால் அழித்து விடுவோம். வெள்ளத்தில் பெரும்போக வயல் அழுகிப்போன ஆத்திரத்தில், படைத்தவனைப் பற்றி எழுதக் கூடாத விதத்தில் நாலு வரி எழுதினான். விடிந்ததும் அவனே அழித்தும் விட்டான். வாப்பாவோடு பள்ளிக்கு வந்து தவ்பாவும் செய்தான். அவன் எழுதியது பிழை. அதை நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. அந்தக் குடும்பத்தை ஊரிலிருந்து விலக்க வேண்டும், கலியாணம் மையித்துக்குக்கூட யாரும் போகக் கூடாது என்று ஒரு கூட்டம். ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து உள்ளே போட வேண்டும் என்று இன்னொரு கூட்டம். இவற்றுக்கெல்லாம் மேலே, "இப்படிப்பட்டவனைக் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும், இது நமக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை, மூஸா நபியின் தவ்றாத்திலேயே இருக்கிறது" என்று எழுதி, பைபிளின் லேவியராகமம் 24ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரு வசனத்தைப் படமாகப் போட்டிருக்கிறார் ஒருவர். அதற்கு எத்தனை 'மாஷா அல்லாஹ்', எத்தனை இதயக்குறி! லைக் போட்டவர்களில் எங்களிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம். பெயர் போடாமல் சும்மா இருந்தால் பிள்ளைகள் எங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் படத்தை அனுப்பியவர் அத்தியாயத்தை முழுதாக வாசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்.

அங்கே என்ன இருக்கிறது? பனூ இஸ்ராஈல் எகிப்திலிருந்து வெளியேறிப் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் காலம். ஒருவன் இருக்கிறான். தாய் இஸ்ராயீல் சமூகத்துப் பெண், தாண் கோத்திரம், பெயர் செலோமித். தகப்பன் எகிப்தியன். இந்த மகனுக்குப் பெயரே இல்லை. தாயின் பெயரும் பாட்டன் திப்ரியின் பெயரும் எழுதப்பட்டிருக்க, குற்றவாளியின் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. அவனும் ஒரு இஸ்ராயீலனும் பாளையத்தில் சண்டை பிடிக்கிறார்கள். சண்டைச் சூட்டில் இவன் இறைவனின் திருப்பெயரை உச்சரித்துச் சபித்து விடுகிறான். மூஸா (அலை) அவர்களிடம் கொண்டுவருகிறார்கள். அவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நபியாக இருந்தும், இறைவனின் முடிவு தெளிவாகும் வரை அவனைக் காவலில் வைத்துக் காத்திருக்கிறார்கள். நமது குரூப்பில் தீர்ப்பு வருவதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு கட்டளை வருகிறது. பாளையத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், தன் காதால் கேட்டவர்கள் அவன் தலையில் கை வைக்க வேண்டும், அதன் பின் சபையார் கல்லெறிய வேண்டும். படத்தில் வந்தது இந்தக் கடைசித் துண்டு மட்டும்தான்.

சண்டை எதற்காக வந்தது என்று அந்த வசனங்கள் சொல்லவில்லை. யூதர்களின் பழைய விளக்க நூல்கள் அந்த இடத்தை ஒரு கதையால் நிரப்புகின்றன. அந்தக் கதையை வன்னியில் இருக்கும் நாம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த மகன் தன் தாயின் கோத்திரமான தாண் மக்களிடம் போய் அவர்களின் இடத்தில் கூடாரம் போட வந்தான். "உனக்கு இங்கே இடம் இல்லை, கோத்திரம் தகப்பன் வழியால்தான் வரும், உன் தகப்பன் எகிப்தியன்" என்று மறித்தார்கள். வழக்கு மூஸா நபியின் சபைக்குப் போனது. அவன் தோற்றான். தோற்று வெளியே வந்தவன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது என்பது அவர்களின் விளக்கம். அவன் செய்தது சரி என்று அந்த அறிஞர்கள் சொல்லவில்லை. தண்டனை பிழை என்றும் சொல்லவில்லை. ஆனாலும் சாபத்துக்கு முன்னால் ஒரு காணிப் பிரச்சினை இருந்தது, கூடாரம் போட இடம் கேட்ட ஒருவன் இருந்தான் என்று எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இருபது வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, காடு மண்டிக்கிடந்த சொந்த வளவுக்கு முன்னால் "உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது, உறுதி எங்கே, பெர்மிட் எங்கே" என்று கேட்கப்பட்டு நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த நாளில் நம்மில் யார் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்பதை ஒருவரும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது கதை இன்னும் தெளிவானது. அதே வேதத்தொகுப்பில், முதலாம் இராஜாக்கள் 21ஆம் அத்தியாயம். யெஸ்ரெயேல் ஊரில் நாபோத் என்ற சாதாரண மனிதனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அது அரசன் ஆகாபின் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரசனுக்கு அதைக் கீரைத் தோட்டமாக்க ஆசை. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் காசு தருகிறேன் என்கிறான். நாபோத் மறுக்கிறான். அது மூதாதையர் வழி வந்த காணி. அரசன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். மனைவி யேசபேல் பார்க்கிறாள். அரசனின் பெயரில் கடிதம் எழுதி, அவனது முத்திரையும் போட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள்: ஒரு நோன்பு அறிவியுங்கள், நாபோத்தை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அவனுக்கு எதிரே இரண்டு போக்கிரிகளை உட்கார வைத்து, இவன் கடவுளையும் அரசனையும் சபித்தான் என்று சாட்சி சொல்ல வையுங்கள்.

அப்படியே நடந்தது. நாபோத்தை வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் எழுந்து தோட்டத்தைப் பாரமெடுக்கப் போனான்.

இதில் ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். நோன்பு இருக்கிறது. மார்க்கப் பற்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்ட இரண்டு சாட்சிகளும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் முறைப்படி நடந்த மாதிரியே தெரியும். கடவுளோடு அரசனையும் சேர்த்துச் சொன்னது சும்மா இல்லை. இறைவனைத் தூற்றாதே, உன் மக்களின் தலைவனைச் சபிக்காதே என்று யாத்திராகமத்தில் இரண்டும் ஒரே வசனத்தில் தடுக்கப்பட்டிருக்கின்றன. யேசபேல் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தை எடுத்துப் பாவித்தாள்.

தோட்டத்துக்குள் நின்ற அந்த அரசனை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? நமது குர்ஆன் தூதர்களில் ஒருவர் என்று சொல்லும் இல்யாஸ் (அலை) அவர்கள். கொன்றும்விட்டு எடுத்தும்விட்டாயா என்று கேட்கத்தான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். தவ்றாத்தைக் காட்டிக் கல்லெடுக்கச் சொல்பவர்கள், அதே பரம்பரையில் வந்த இந்த நபியின் கேள்வியையும் சேர்த்தல்லவா காட்ட வேண்டும்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 'மூஸா நபியின் சட்டம்' என்று சொல்கிறவர்கள் அதைக் கல்லெறியும் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் குற்றவாளியைக் கட்டியதைவிடக் குற்றம் சொல்கிறவனை இறுக்கிக் கட்டியது. ஒருவனின் சாட்சியில் யாரையும் கொல்ல முடியாது, இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். சாட்சி சொன்னவனின் கைதான் முதலில் கல்லெறிய வேண்டும், சபையின் கை அதற்குப் பிறகு. இவை உபாகமம் 17இல். அடுத்து 19இல், பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு, அவன் மற்றவனுக்கு என்ன நேர வேண்டும் என்று நினைத்தானோ அதையே கொடுக்க வேண்டும். அதாவது தலையில் கை வைக்க வேண்டும், முதற் கல்லை எறிய வேண்டும், பொய்யாக இருந்தால் தானே சாக வேண்டும். போலிப் புரொஃபைலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதில் எதையாவது செய்ய முடியுமா?

பின்னாளில் யூத அறிஞர்கள் மிஷ்னா என்ற தொகுப்பில் நீதிமன்ற நடைமுறையை எழுதி வைத்தார்கள். அதில் சன்ஹெத்ரின் என்ற பகுதியில் இந்தக் குற்றத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். இறைவனின் அந்தத் தனித் திருப்பெயரை வெளிப்படையாக உச்சரித்தால்தான் மரணதண்டனைக் குற்றம். பொதுவான கெட்ட பேச்சு, ஆத்திரப் பேச்சு அந்தக் கணக்கில் வராது. விசாரணை முழுவதும் சாட்சிகள் திருப்பெயருக்குப் பதிலாக வேறு ஒரு பெயரை வைத்துத்தான் பேச வேண்டும். தீர்ப்பு நேரம் வந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, முதன்மைச் சாட்சியை மட்டும் நிறுத்தி, நீ கேட்டதைக் கேட்டபடியே சொல் என்பார்கள். அவன் சொன்னதும் நீதிபதிகள் எழுந்து நின்று தங்கள் உடையைக் கிழித்துக்கொள்வார்கள், அந்தக் கிழிசலைத் தைக்கவும் மாட்டார்கள். இரண்டாவது சாட்சி அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, நானும் அப்படியே கேட்டேன் என்றால் போதும். வார்த்தை ஒரு தடவைக்கு மேல் அந்த மண்டபத்தில் ஒலிக்கக் கூடாது.

இப்போது நமது குரூப்புகளைப் பாருங்கள். பையன் ஒரு தடவை எழுதினான், ஒரே இரவில் அழித்தான். அதைப் படமாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "இதைப் பாருங்கள், ஷெயார் பண்ணுங்கள்" என்று வவுனியா முதல் முல்லைத்தீவு வரை, அங்கிருந்து புத்தளம், கட்டார், சவூதி வரை அனுப்பியது யார்? ஒரு வசனத்தைக் கேட்டதற்கே உடையைக் கிழித்துக்கொண்ட நீதிபதிகளின் சட்டத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள், அந்த வசனத்தைச் சின்னப் பிள்ளையின் ஃபோன்வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு என்ன தண்டனை என்று அவர்களே சொல்லட்டும்.

அதே மிஷ்னாவில், ஏழு வருடத்தில் ஒருவனைக் கொன்ற நீதிமன்றத்தை நாசகார நீதிமன்றம் என்று பேசிக்கொள்கிறார்கள். எழுபது வருடத்தில் ஒருவனைக் கொன்றாலே அப்படித்தான் என்கிறார் ஓர் அறிஞர். அகிபா, தர்ஃபோன் என்ற இருவர், நாங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் ஒருவனும் கொல்லப்பட்டிருக்க மாட்டான் என்கிறார்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், இப்படிச் செய்தால் கொலைகாரர்கள்தான் பெருகுவார்கள் என்று இவர்களுக்கு மறுப்புச் சொன்னவரின் கருத்தும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. மரணதண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவனை, ஓர் உயிரை அழிப்பது ஓர் உலகத்தையே அழிப்பது போன்றது என்று எச்சரிப்பார்களாம். இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஸூரத்துல் மாஇதாவின் 32ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். இதை பனூ இஸ்ராஈலுக்கு விதித்தோம் என்று அல்லாஹ்வே சொல்கிறான். தவ்றாத்திலிருந்து கல்லை எடுத்தவர்களுக்கு, அல்லாஹ் நமக்கு எடுத்துச் சொன்ன இந்த விதி கண்ணில் படவில்லை.

யூதர் என்ற சொல்லைக் கண்டதும் "காஸாவில் பிள்ளைகளைக் கொல்கிறவர்களின் நூலையா எங்களுக்குப் படிப்பிக்கிறீர்கள்" என்று கொமண்ட் வரும் என்பது தெரியும். காஸாவுக்காக அழாத வீடு நம்மிடம் இல்லை. ஆனால் அந்த நூலை நடுவில் கொண்டுவந்து போட்டது நாங்கள் இல்லை. போட்டதை முழுதாக வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

நமது கிறிஸ்தவ அயலவர்களிடம் கேட்டால் இன்னும் இரண்டு பெயர் சொல்வார்கள். ஈஸா (அலை) அவர்கள் மீது பிரதான ஆசாரியன் தன் உடையைக் கிழித்துக்கொண்டு சுமத்தியது இதே குற்றச்சாட்டுத்தான் என்று அவர்களின் சுவிசேஷம் சொல்கிறது. சிலுவை பற்றி நமது நம்பிக்கை வேறு, அது வேறு விசயம். ஸ்தேவான் என்பவருக்கு எதிராகவும் பொய்ச் சாட்சிகளை நிறுத்தி, அதே குற்றம் சொல்லிக் கல்லெறிந்து கொன்றார்கள். அங்கே தீர்ப்பு வாசிக்கக்கூட யாரும் காத்திருக்கவில்லை.

சரி, நமது மார்க்கம்? குர்ஆனில் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நோவினை செய்கிறவர்களுக்குச் சாபமும் இழிவான வேதனையும் உண்டு என்று ஸூரத்துல் அஹ்ஸாபில் வருகிறது. நாங்கள் அதை மறைக்கவில்லை. அந்த வேதனையைக் கொடுப்பவன் அல்லாஹ். நமக்குச் சொல்லப்பட்டது என்ன? அவனது வசனங்கள் கேலி செய்யப்படுவதைக் கேட்டால், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும்வரை அவர்களோடு உட்காராதே என்று ஸூரத்துந் நிஸா 140இல். மற்றவர்கள் வணங்குகிறவற்றை ஏசாதே, அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று ஸூரத்துல் அன்ஆம் 108இல். பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரி என்று ஸூரத்துல் ஹுஜுராத் 6இல். பெண்மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சி கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்று ஸூரத்துந் நூரில். நம் வேதமும் குற்றம் சொல்கிறவனைத்தான் முதலில் பிடித்து நிறுத்துகிறது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் முகத்துக்கு முன்னால் வந்து, ஸலாம் சொல்வதுபோல் நாக்கை மாற்றி "உங்களுக்கு மரணம் வரட்டும்" என்று சொன்னார்கள் சிலர். ஆயிஷா (ரலி) அவர்கள் கொதித்துத் திருப்பி ஏசினார்கள். நபியவர்கள் மென்மையாக இருக்கச் சொன்னார்கள். மதீனாவிலிருந்து இழிவானவர்களை வெளியேற்றுவோம் என்று பேசிய அப்துல்லாஹ் இப்னு உபையைக் கொல்ல அவனது சொந்த மகனே அனுமதி கேட்டு வந்தார். அனுமதி கொடுக்கப்படவில்லை. அவன் படுக்கையில்தான் செத்தான், நபியவர்கள் அவனுக்கு ஜனாஸாத் தொழுகையும் நடத்தினார்கள்.

"கஅப் இப்னு அஷ்ரஃபுக்கு என்ன நடந்தது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அது உடன்படிக்கையை உடைத்து, எதிரியைப் போருக்குத் தூண்டிய ஒருவனின் விசயம் என்றுதான் அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். அந்த முடிவு ஓர் ஆட்சித் தலைவரின் முடிவு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் நூல்களில் இந்தக் குற்றத்துக்குக் கடுமையான சட்டம் இருக்கிறது என்பது உண்மை. அதே நூல்களில் தவ்பா கேட்கப்பட வேண்டும், தவ்பா செய்தால் ஏற்கப்படும், தண்டனை ஆட்சியாளருக்கு உரியது, தனிமனிதன் கையில் எடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நம் நாட்டில் காதி நீதிமன்றத்துக்குக்கூடக் கலியாணமும் விவாகரத்தும்தான் அதிகாரம். வாட்ஸ்அப் அட்மினுக்கு எந்த மத்ஹபு அதிகாரம் கொடுத்தது?

"நாங்கள் சும்மா கோபத்தில் எழுதினோம், யார் கொல்லப் போகிறார்கள்?" என்கிறீர்கள். 2017 மார்ச் 16 இரவு, கோயம்புத்தூரில் ஃபாரூக் என்ற 31 வயது இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தார். கடவுள் இல்லை என்று பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதினார். அதற்கும் முதலில் கோபமான கொமண்ட்தான் வந்திருக்கும். மகன் இருந்த அதே கழகத்தில் இனி நானும் சேர்கிறேன் என்று அவரது தகப்பன் பிறகு சொன்னார். இஸ்லாத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் அந்த வீட்டில் என்னத்தைக் காப்பாற்றினார்கள்?

2021 டிசம்பர் 3, பாகிஸ்தான் சியால்கோட். தொழிற்சாலை முகாமையாளராக இருந்த நம் நாட்டவர் பிரியந்த குமார. சுவரில் இருந்த ஒரு போஸ்டரை அகற்றினார், அதில் புனிதப் பெயர் இருந்தது என்றார்கள். அடித்துக் கொன்று வீதியில் எரித்தார்கள். வேலையில் கண்டிப்பானவர் என்பதால் தொழிலாளர் சிலருக்கு அவரோடு ஏற்கனவே மனக்கசப்பு இருந்தது என்று அப்போதே செய்தி வந்தது. 2022 ஏப்ரலில் அந்நாட்டு நீதிமன்றம் ஆறு பேருக்கு மரணதண்டனை கொடுத்தது. அந்த டிசம்பரில் நம் பள்ளிகளில் எல்லாம் கண்டித்துப் பேசினோம், நினைவிருக்கிறதா? சிங்கள அயலவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டோம். அதே பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கு 2009இல் வயலில் தண்ணீர்க் கோப்பையில் தொடங்கியது. கிறிஸ்தவள் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்ற சண்டை தூஷண வழக்காகி, மரணதண்டனையாகி, 2018 ஒக்டோபர் 31இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுதலை செய்யும்வரை அவர் சிறையில் கிடந்தார். திராட்சைத் தோட்டமோ, தண்ணீர்க் கோப்பையோ, வேலைத்தளக் கசப்போ, அடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது.

பொலிஸுக்குப் போகலாம் என்கிறவர்களுக்கு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழி செய்வதைத் தடுக்க எழுதப்பட்டது. பத்து வருடம்வரை சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். அளுத்கமயில் 2014இலும் திகனயில் 2018இலும் நம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அந்தச் சட்டம் யாரைத் தேடிப்போனது? 2019 மே மாதம் ஹசலக்கவில், உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணை இந்தச் சட்டத்தைக் காட்டி இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே வைத்தார்கள். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக், பேனையாலும் கீபோர்டாலும் சிந்தனைப் போராட்டம் செய்யுங்கள் என்று எழுதியதற்காக ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2023 நவம்பரில்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. பௌத்த பிக்குமாரை இழிவுபடுத்தினார் என்று சிறுகதை எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் நாலு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2023இல் மேடை நகைச்சுவைக்காக நடாஷா எதிரிசூரிய ஒரு மாதத்துக்கு மேல்.

அந்தக் கதவை இப்போது நம் கையாலேயே நம் பிள்ளைக்கு எதிராகத் திறக்கச் சொல்கிறீர்கள். ஞானசார தேரருக்குத் தண்டனை கிடைத்தபோது சந்தோசப்பட்டீர்களே என்று கேட்கலாம். மேடையில் ஏறி ஒரு சமூகத்துக்கு எதிராக ஆட்களைக் கிளப்புவதும், வயல் போன இரவில் ஒருவன் தன்னைப் படைத்தவனோடு சண்டை பிடிப்பதும் ஒன்றாகுமா? முதலாவதில் நம் வீடு எரிகிறது. இரண்டாவதில் எந்த வீடும் எரியவில்லை, நாம் கொளுத்தினால் ஒழிய.

ஊர்விலக்கம் பற்றிச் சுருக்கமாக. தக்கலைக் கவிஞர் எச்.ஜி.ரசூலை ஒரு கட்டுரைக்காக 2007இல் அவரது ஜமாஅத் ஊரை விட்டு விலக்கியது. அவர் 2017இல் காலமானார். விலக்கியவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவரது கவிதையை இன்னும் வாசிக்கிறார்கள்.

இதையெல்லாம் வேறு எவரையும்விட வன்னி முஸ்லிம்களாகிய நாம் விளங்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்த நம் வாப்பாமார் உம்மாமாரும் அதில் அடக்கம். குற்றம் என்ன? காட்டிக்கொடுப்பவர்கள். சாட்சி யார்? ஒருவரும் இல்லை. யார் முன்வந்து தலையில் கை வைத்தது? ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் வந்தது. அந்தக் காலத்தில் இந்த மண்ணில் 'துரோகி' என்ற ஒரு சொல்லுக்கு மரணதண்டனை இருந்தது. அந்தச் சொல்லோடு மின்கம்பத்தில் கட்டப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மார் இன்றும் நம் பக்கத்து வளவுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். சில பிள்ளைகளின் விசயத்தில் அடியில் கிடந்தது கொள்கையா, பழைய கடனா, வேலித் தகராறா என்று அவர்கள் சொல்வார்கள். கடவுளையும் அரசனையும் சபித்தான் என்று நாபோத்துக்குச் சொன்னார்கள். இங்கே இயக்கத்தையும் இனத்தையும் என்று சொன்னார்கள். நாம் போனபின் நம் வீட்டுக் கூரைத் தகட்டுக்கு என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்தபோது நாம்தான் பார்த்தோமே.

ஆகவே நேரடியாகச் சொல்கிறோம். குரூப்பில் எல்லோரையும்விட உரத்துக் கத்துகிறவர்களில் ஒருவருக்கும் அந்தப் பையனின் வாப்பாவுக்கும் குளத்துக்குக் கீழே உள்ள வயலின் எல்லைவரம்பில் பிரச்சினை இருப்பது ஊருக்கே தெரியும். நாம் ஒருவரும் அதைக் குரூப்பில் எழுதவில்லை. ஏன்? மார்க்க விசயத்தில் காணியைக் கொண்டுவரக் கூடாதாம். அவர் மார்க்கப் பற்றால் மட்டும்தான் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சொந்தப் பெயரில் வரட்டும். பையன் எழுதியதைத் தன் கண்ணால் பேஸ்புக்கில் பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளி நிர்வாகத்தின் முன்னால் உட்காரட்டும். தவ்பா செய்த பின்பும் ஏன் விடவில்லை என்று ஹஸ்ரத் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. வரம்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

பள்ளி நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள்: தவ்பாவை ஏற்றுக்கொண்டோம் என்று இந்த ஜும்ஆவில் ஒரு வரி அறிவியுங்கள். ஊர்விலக்கக் கடிதம் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். குரூப் அட்மின்மார் அந்தப் படத்தை இன்றைக்கே அழியுங்கள், திரும்பப் போடுகிறவரை வெளியே போடுங்கள். எங்களிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் ஃபோனில் இருந்தால் நீங்களும் அழியுங்கள்.

வரம்புப் பிரச்சினைக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. இரண்டு பக்கமும் உறுதியையும் பெர்மிட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போகட்டும். படிவம் நிரப்ப உதவி வேண்டும் என்றால், யாராக இருந்தாலும், அஸருக்குப் பிறகு வாருங்கள். நிரப்பித் தருகிறோம்.